காலி ஃபைல்

பட்டனின் நான்கு துளைகளில் மூன்றாவதில் ஊசி ஏறும்போது வாசலில் அண்ணனின் மேலதிகாரி ‘சர்டிபிகேட்’ ஷூவைக் கழற்றுவது தெரிந்தது. வெறுங்கையோடு வந்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். காதில் போனோடு வந்திருந்தார்.

அண்ணன் கூடத்தில் பெஞ்சின் மேல் பனியனோடு கிடந்தான். நான்கு மணிக்கு வண்டி வரும். அதற்குள் இந்த நீலச் சட்டையை அவனுக்குப் போட்டுவிட வேண்டும். திங்கட்கிழமை அவனேதான் கொண்டுவந்து தையல் மெஷின் மேல் போட்டான். சனிக்கிழமை பரீட்சைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும், ரெண்டாவது பட்டன் போயிருக்கிறது என்றான். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவளுக்கு வீட்டுச் சட்டை கண்ணில் படவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

தன் மேல் இருந்த கோபம் ஒரு பங்கு என்றால் அவன் மேல் இருந்தது மூன்று பங்கு. புதன்கிழமையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, பரீட்சை முடியட்டும் என்றான். இன்று விடியற்காலையில் படித்துக்கொண்டிருந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்று யாராவது வந்து சொன்னால் அவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் நிலையில் இருந்தாள்.

ஒரு மருந்து மொத்தக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் அண்ணன். தலைமைப் பதவி காலியானபோது, வேலை தெரிகிறது சரி, பரீட்சை பாஸான பேப்பர் எங்கே என்றார்கள். பேப்பர் வைத்திருந்த இவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அன்று வீட்டுக்கு வந்து அண்ணன் அவருக்கு ‘சர்டிபிகேட்’ என்று பெயர் வைத்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நாற்பத்தொன்பது வயதில் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தான்.

எழுதித் தள்ளுகிற பரீட்சை இல்லை அது. ஒரு கம்ப்யூட்டரை முன்னால் வைத்துவிடுவார்கள், செய்து காட்ட வேண்டும். அதன் பாஸ்வேர்டைச் சொல்ல மாட்டார்கள். பாஸ்வேர்ட் தெரியாமலே உள்ளே புகுந்து அதை மாற்றுவதுதான் முதல் வேலை. போன தடவை அண்ணன் அதைச் செய்தான். கடைசியில் ஒரு காலி ஃபைல் உருவாக்க வேண்டும், ஒரு எழுத்துகூட இல்லாத வெறும் ஃபைல், அதை மறந்துவிட்டான். பாஸ்வேர்ட் மாறியது, மெஷின் உள்ளே விடவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அதற்கப்புறம் தினமும் பழக்கம்தான். அவள் துணி வெட்டிக்கொண்டே போனில் நேரம் பார்ப்பாள். அவன் ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வான். காலி ஃபைல் இடத்தில் அவள் கத்திரிக்கோலால் மேசையைத் தட்ட வேண்டும். முடித்ததும் அவன் உள்ளங்கையால் மேசையை ரெண்டு தட்டுத் தட்டுவான், அவள் கடிகாரத்தை நிறுத்துவாள். திரையை அவள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. காதாலேயே எல்லாம் மனப்பாடம்.

சர்டிபிகேட் அண்ணனின் காலடியில் நிற்க வேண்டிய நேரம் நின்றார். பிறகு மெதுவாகத் தையல் மெஷின் பக்கம் வந்தார். காலையில் கரண்ட் போய் வந்ததில் சர்வர் நின்றுவிட்டதாம். உள்ளே போய்க் கிளப்பினால்தான் பில் ஓடும். நாற்பது மருந்துக் கடைகள் சரக்குக்குக் காத்திருக்கின்றன. பாஸ்வேர்ட் வீட்டில் எங்காவது எழுதி வைத்திருக்கிறாரா?

“மாசாமாசம் கவர்ல போட்டு ஒட்டிக் குடுப்பாரே?” என்றாள்.

“நான்தாம்மா வேணாம்னு நிறுத்திட்டேன்.”

நூலை இழுத்தாள். “பாஸ்வேர்ட் இல்லாம உள்ள போறதுதானே சார் உங்க பரீட்சையில மொதக் கேள்வி?”

அவர் முகம் சுருங்கியது. பாஸாகி ஆறு வருஷம் ஆயிற்று, தினமும் செய்கிற வேலையா அது என்றார். காலையிலிருந்து மூன்று தடவை முயற்சி செய்தார்களாம். “பாஸ்வேர்ட் மாறிடுதும்மா. ஆனா உள்ள விட மாட்டேங்குது.”

ஊசி அப்படியே நின்றது. என்ன விட்டுப்போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனைத் தோற்கடித்த அதே இடம். ஒரு நிமிஷம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். கிடக்கட்டும், அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் மெஷின் முன்னால் காட்டட்டும் என்றிருந்தது. ஆனால் காத்திருப்பது இவரில்லை. எந்த வீட்டிலோ எவருக்கோ மாத்திரை தீர்ந்திருக்கும்.

“சர்வர்கிட்ட யாரு இருக்கா? போனைப் போடுங்க.”

பில் போடுகிற பெண் இருந்தாள். சர்டிபிகேட் போனைச் சத்தமாக வைத்து நீட்டினார். பழக்க தோஷம், அவள் தன் போனில் கடிகாரத்தை ஓடவிட்டாள்.

மெஷினை மறுபடி கிளப்பச் சொன்னாள். மெனு வரும்போது நிறுத்து, இந்த எழுத்தை அழுத்து, இந்த வரியின் கடைசியில் இதைச் சேர். அண்ணன் சொன்ன அதே வரிசையில், அவன் மூச்சுவிடும் இடத்தில் மூச்சுவிட்டுச் சொன்னாள். பாஸ்வேர்டை மாற்றியாயிற்று என்று அந்தப் பெண் சொன்னதும், அவள் கை தானாகக் கத்திரிக்கோலை எடுத்து மேசையைத் தட்டியது. துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இப்ப ஒரு காலி ஃபைல் போடணும். பேரு ஆட்டோ ரீலேபிள். முன்னாடி புள்ளி வெச்சுக்கோ. அது இல்லன்னா உள்ள விடாது.”

சர்டிபிகேட் தரையைப் பார்த்தார்.

மெஷின் தானாகத் தன் வேலையை முடித்துக்கொண்டு எழ நேரம் பிடிக்கும், கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் பட்டனுக்குத் திரும்பினாள்.  சர்டிபிகேட் ஒரு அடி கிட்டே வந்தார்.

“அவர மாதிரி ஒரு ஆள் இனிமே கிடைக்க மாட்டாரும்மா.”

“இருபத்திரெண்டு வருஷமா கிடைச்சாரே சார்.”

போனில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “அக்கா, உள்ள விட்டுடுச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அண்ணன் கடைசியா உள்ள வந்தது நேத்து சாயங்காலம் ஆறு பன்னெண்டுன்னு காட்டுதுக்கா.”

 சர்டிபிகேட் போனை அணைத்துப் பைக்குள் போட்டார். அண்ணன் பக்கம் ஒரு தடவை திரும்பினார், பிறகு வெளியே போய் ஷூவை மாட்டிக்கொள்ள வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அண்ணனின் தோளைத் தூக்கிப் பிடிக்க, கைகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் நுழைத்தாள். கீழேயிருந்து பட்டன்களைப் போட்டுக்கொண்டே வந்தாள். ரெண்டாவது பட்டன் கெட்டியாக நின்றது.

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போனை எடுக்கத் திரும்பினாள். மேசை மேல் போனில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, முப்பத்தொரு நிமிஷம் சொச்சம். கட்டை விரலை அதன் மேல் கொண்டுபோனாள். மேசையில் அந்த ரெண்டு தட்டு விழவில்லை. நிறுத்தாமல் போனை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.