பதினொரு மணிப் படபடப்பு

எலியின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் அறுநூறு தடவை துடிக்கும். அதை ஆட்டிவைப்பவை இரண்டு நரம்புகள்: ஒன்று முடுக்கும், மற்றது இழுத்துப் பிடிக்கும். முடுக்கும் நரம்பு தன் சேதியைச் சொல்ல வேண்டுமானால், அதன் நுனியில் இருக்கும் நுண்ணிய கதவு திறந்து கால்சியம் உள்ளே போக வேண்டும். கதவு இல்லாவிட்டால் நரம்பு தொண்டை கிழியக் கத்தினாலும் இதயத்துக்குக் காது கேட்காது.

கதவுள்ள எலிகள் எட்டு, கதவில்லாமல் பிறந்தவை எட்டு. ஐந்து வருடமாகப் பட்டத்துக்குக் காத்திருந்த ஆராய்ச்சி மாணவி இவற்றைத்தான் நம்பியிருந்தாள். எலிகளின் உடலுக்குள் வைத்த சின்னக் கருவி துடிப்பைக் கணினிக்கு அனுப்பும். தினமும் காலை பதினொரு மணிக்குக் கதவுள்ள எலிகளின் துடிப்பு எழுநூற்றைத் தாண்டியது. கதவில்லாதவை அலட்டிக்கொள்ளவே இல்லை.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம்!" என்று பேராசிரியர் குதித்தார். அதற்குத் தன் பெயரையே சூட்டினார். ஆய்வேட்டின் தலைப்பும் அதுதான்.

ஆய்வேடு கொடுக்க ஒரு வாரம் இருக்கும்போது அவர் மாநாட்டுக்குப் போனார். நான்கு நாளும் பதினொரு மணி வந்தது, துடிப்பு ஏறவில்லை.

மாணவி கூண்டு கழுவும் அக்காவிடம் ஓடினாள். "கடிகாரம் நின்னுபோச்சுக்கா. அஞ்சு வருஷமும் போச்சு."

அக்கா சிரித்தாள். "கடிகாரமாவது! பதினொரு மணிக்கு உங்க சார் ரூம் கதவைப் படார்னு தள்ளிட்டு வந்து, 'என்னம்மா, நம்பர் வந்துச்சா'ன்னு கத்துவாரே. எனக்கே நெஞ்சு படபடங்குது. எலிக்கு ஆகாதா?"

மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் பயம் இதயத்துக்குப் போவது அந்தக் கதவு வழியாகத்தான். கடிகாரம் பொய், கதவு மெய்.

பேராசிரியர் திரும்பியதும் சொன்னாள். "கதவு பத்தின முடிவு சரிதான் சார். ஆனா அது கடிகாரம் இல்ல, பயம்."

"எதைப் பார்த்து?"

"உங்களைத்தான் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ, எலியைத் தூண்டியது எதுன்னு எழுதற இடத்துல... என் பேர் வருமா?"

"முழுப்பேரும் வரும் சார்."

"அப்ப சரி."

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் இரண்டே வரி எழுதியிருந்தார்: 'பட்டம் வழங்கலாம். அதற்குமுன் இன்னொரு பேராசிரியரை வைத்தும் சோதித்துக் காட்டவும்.'

"வேற ஆளுக்கு எங்கக்கா போவேன்?"

"இந்த மாடியிலயே அஞ்சு பேர் இருக்காங்க," என்றாள் அக்கா. "எலிங்க தாங்குமான்னு மட்டும் பாரு."