இடது கண்ணின் சிவப்பு

கல்யாணத்துக்கு வாங்கிய மாதுளைச் சிவப்புச் சால்வை அன்று காலை என் இடது கண்ணுக்கு மட்டும் வெளுத்த ரோஜா நிறமாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடினால் நுவோரோ ஊரே பாலில் மூழ்கிக் கிடந்தது. மலை மிதந்தது, மாதாகோயில் கோபுரம் மிதந்தது. கண்ணை அசைத்தால் வலித்தது. ஆனாலும் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிஸ்ஸென்டா அத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கோதுமை மணிகளைப் போட்டாள். மணிகளைச் சுற்றிக் குமிழ் கட்டியது.

"பாத்தியாடி? கண்ணுதான் பட்டிருக்கு. எவளோ வயிறெரிஞ்சிருக்கா. எனக்கு நன்றி கின்றின்னு சொல்லித் தொலைக்காதே, மந்திரம் கலைஞ்சிடும்."

வாயை மூடிக்கொண்டேன். சில வாரங்களில் மூட்டம் தானாகவே விலகியது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. கண் நரம்பு வீங்கியிருக்கிறது என்று டாக்டர் மூளை ஸ்கேனுக்குக் கொடுத்திருந்த தேதியை நானும் தட்டிக் கழித்தேன். எங்கள் சார்தீனியாத் தீவில் இந்தத் தப்பைச் செய்யாத வீடு குறைவு.

பான்டலேயோ விடவில்லை. நான் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவன் அம்மாவுக்கும் கண் இப்படித்தான் மங்கித் தெளிந்ததாம். யாரும் மேற்கொண்டு பார்க்கவில்லை. பிறகு கால்கள் போயின. நரம்பின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் என்றார்கள். கடைசிவரை அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். என்னை இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தான்.

படத்தில் என் மூளைக்குள் வெள்ளைப் புள்ளிகள்.

"புள்ளி இல்லேன்னா, வருஷம் போகப் போக நாலுல ஒருத்தருக்கு அந்த நோய் வரலாம். இருந்தா, நாலுல மூணு பேருக்கு," என்றார் டாக்டர். "இப்பவே மருந்து ஆரம்பிச்சா தள்ளிப் போடலாம்மா. உங்களுக்கு வரும், வராதுன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் தரையெல்லாம் தளும்பியது, நாங்கள் இருவரும் எங்கோ கடலடியில் இருப்பதுபோல. என் நரம்பைவிட, அம்மாவைச் சுமந்த அவன் கைகளைப் பற்றித்தான் நினைத்தேன். மறுபடியும் இவனா?

"போயிடு, பான்டலேயோ. ஒரு தடவை சுமந்தது போதும். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"யாரு, நீயா? சூப்புல உப்புக் கம்மின்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை. டாக்டர் எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். இவன் இருப்பானா, போவானா என்று கணக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

"பயமா இருக்கு, நெவினா," என்றான். "ரொம்பப் பயமா இருக்கு. வீட்டுக்குப் போய் ரெண்டு பேருமா சேர்ந்தே பயப்படலாம். எந்திரி."

அழுதுகொண்டே எழுந்தேன்.