கருகிய பாகு வாசம்

சுனாமிக்கு மறுவருஷம், நிக்கோபாரின் கச்சால் தீவில் ஒரு நிவாரணத் தகரக் கொட்டகையில் விஜயகுமாரிக்குப் பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் பால் குடிக்க மறுத்தது. மூத்திரத் துணியில் சர்க்கரைப் பாகு கருகிய வாசம். ஒன்பதாம் நாள் உடம்பு வில்லாக வளைந்து இறந்துபோனது.

மாமியார் கருப்பாயி அவளுக்குச் சொந்த அத்தை. "இவ பால்ல விஷம்" என்று கொட்டகை வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினாள். புருஷன் அன்பழகன் அவள் துணிமணியை மூட்டை கட்டினான். அடுத்த கப்பலிலேயே விஜயகுமாரியைப் போர்ட் பிளேருக்கு ஏற்றிவிட்டு, தன் இன்னொரு தம்பியின் மகள் புஷ்பாவை மகனுக்குக் கட்டிவைத்தாள் கருப்பாயி.

விஜயகுமாரி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவானாள். ஒருநாள் குழந்தைகள் டாக்டர் உமா மகேஸ்வரியிடம் அந்த வாசத்தைப் பற்றிக் கேட்டாள்.

"பாலில் இருக்கிற புரதம் அமினோ அமிலமா உடையும். அதுல மூணு வகை, கீட்டோ அமிலமா மாறும். அதை எரிக்கிற சக்தி சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இருக்காது. தேங்கி மூளையைத் தாக்கும். தாய், தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் குறை மறைஞ்சிருந்தாத்தான் வரும். சொந்தத்துல கட்டினா அதிகம்."

ரெண்டு பேர். அந்த வார்த்தையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு நாலு வருஷம் காத்திருந்தாள்.

ஆறு நாள் குழந்தையோடு புஷ்பா வார்டுக்கு வந்தபோது பின்னாலேயே கருப்பாயியும் அன்பழகனும். துணி மாற்றக் குனிந்த விஜயகுமாரிக்கு மூக்கில் ஏறியது அதே வாசம். துணியைப் பார்க்காத டாக்டர் உமா மகேஸ்வரி, கிருமித் தொற்று என்று மருந்து எழுதிக்கொண்டிருந்தார். பேசாமல் போய்விடலாம். கதவுவரை போயும்விட்டாள். குழந்தை கீச்சென்று அழுதது.

"மேடம், இந்தத் துணியை மோந்து பாருங்க."

டாக்டர் தாய்ப்பாலை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, சென்னைக்கு அனுப்ப விமானத்துக்கு ஏற்பாடு செய்ய ஓடினார்.

விஜயகுமாரி திரும்பினாள். "என்னா அத்தே, புஷ்பா பால்லயும் விஷமா?"

"கும்புடுறேன் புள்ள, மெதுவா பேசு."

"எம் புள்ள செத்தப்ப நீங்க மெதுவாவா பேசுனீங்க? பால்ல இல்ல, தாய் தகப்பன் ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாத்தான் வர்ற கொறை இது. ஒங்க மகன் ரத்தத்துலயும் அந்தக் கொறை இருக்குன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

கருப்பாயி சொன்னாள்.

"இங்க வங்காளிக்காரங்க, தெலுங்குக்காரங்க இருக்காங்க. இந்தியில சொல்லுங்க."

தெரிந்த அரைகுறை இந்தியில், கட்டில் கட்டிலாகப் பார்த்து, திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள் கருப்பாயி. அன்பழகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். விஜயகுமாரிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்த மூன்று அமினோ அமிலங்களையும் நீக்கிய பால்பொடியில் குழந்தை பிழைத்தது. மறுவருஷம் மன்னிப்புக் கேட்டுக் கருப்பாயி ஓர் ஆளை அனுப்பினாள். வந்தவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள் விஜயகுமாரி. பதில் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.