கேப்டன் பெல்லிங்கின் நூற்றுப் பன்னிரண்டு

கச்சிராயபாளையத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்த இசைவாணிக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ஆனாலும் கிளப் செயலாளர் ஜெயப்பிரகாஷ் கேட்டபோது மறுக்க முடியவில்லை. கல்வராயன் மலைமேல் பொங்கலுக்குப் போட்டி நடக்கும் மைதானத்தை நூறு வருஷத்துக்கு முன்னால் அமைத்தவர் கேப்டன் பெல்லிங் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி. அவர் பெயரில் கோப்பை தருவதாகச் சொன்ன கொள்ளுப்பேத்தி, அவருடைய நாட்குறிப்பையும் லண்டனிலிருந்து படம் பிடித்து அனுப்பியிருந்தாள். விழா மலருக்கு அதிலிருந்து நாலு பக்கம் தமிழில் வேண்டுமாம்.

படிக்கப் படிக்க பெல்லிங்கை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இருபத்தாறு வயதில் மலைக்குச் சாலை போட வந்தவர். குளிர்காய்ச்சலில் படுத்துக்கொண்டே மட்டைக்கு எண்ணெய் தடவியிருக்கிறார். சாமைச் சோறு தொண்டையில் இறங்காமல் தவித்ததை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்.

பிறகு 1912 பிப்ரவரி வந்தது. "காலையில் ஆடுகளத்தைச் சமன்படுத்தும் உருளைக்கல் சரிவில் நழுவி, அதை இழுத்த ஒரு கூலியாள் இறந்தான். பதினோரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நான் 112." கீழே, ஆடிய இருபத்திரண்டு பேரின் பெயரும் ரன்னும் வரிசையாக இருந்தன. செத்தவன் பெயர் இல்லை.

அந்த வரிகளையும் சேர்த்தே எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தாள். ஜெயப்பிரகாஷ் தலையைச் சொறிந்தார்.

"இத்த மட்டும் வுட்டுடலாம் டீச்சர். கப்பு குடுக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"அப்ப அந்த நூத்திப் பன்னண்டும் வாணாங்க. ரெண்டும் ஒரே நாள்ல நடந்தது."

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஆள் வேறென்ன செய்தான் பார்ப்போம் என்று கடைசிப் பக்கங்களைத் திறந்தாள்.

முதல் உலக யுத்தத்தில் ஒரு காலை இழந்திருந்தார். மட்டையைத் திரும்பத் தொடவில்லை. எழுபது வயதில், நடுங்கும் எழுத்தில்: "உருளைக்கல் இழுத்தவன் பெயரைக் கேட்டு மெட்ராஸுக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. அன்றைக்கே கேட்டிருக்கலாம். அவன் மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்."

இசைவாணி அந்தப் பக்கத்தையும் தமிழில் எழுதினாள். அவரை மன்னிக்கவும் மனம் வரவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

மறுநாள் அதை வாங்கி இரண்டு தரம் படித்த ஜெயப்பிரகாஷ், "போடுங்க டீச்சர். எல்லாத்தயும் போடுங்க. கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார்.

விஷயத்தை எழுதிக் கேட்டதற்குக் கொள்ளுப்பேத்தி ஒரு வரியில் சம்மதம் அனுப்பினாள், வேறொன்றும் எழுதவில்லை.

பொங்கலன்று மைக்கில் ஜெயப்பிரகாஷே வாசித்தார். மனைவி நின்றிருந்த இடம் வந்ததும் வாசிப்பதை நிறுத்தி, எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டார். ஆட்டக்காரர்கள் எழுந்தார்கள். வேலியோரம் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த மலைப் பெண்கள், யாருக்காக என்று பக்கத்தில் இருந்தவர்களை விசாரித்துவிட்டு, கூடையை இறக்கி வைத்து நின்றார்கள். சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். பிறகு டாஸ் போட்டார்கள்.