பிரிக்காத பொட்டலம்

“சிவப்புதான் வந்துச்சு, அதுக்கு நான் என்ன—”

“நீயே கட்டி, நீயே குலுக்கி, நீயே எடுத்தா—”

“கண்ண மூடிக்கிட்டுத்தான் எடுத்தேங்க்கா.”

“கண்ணு மூடியிருந்துச்சு, சரி. மனசு மூடியிருந்துச்சா?”

நவமணி நனைந்த குடையை மடக்காமலேயே கோயிலுக்குள் நின்றாள். தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவள் தம்பி பக்கிரிசாமிதான் அந்தத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பூசாரி. இடுப்பில் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு கருவறைப் படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கும் எண்ணம் அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

கோயிலுக்குப் பின்னால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள். அவற்றுக்கும் பின்னால் மலை. விடாத மழையில் மலைமேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெடிப்பு விட்டிருந்தது. காலையில் விரல் நுழைகிற அளவுதான் இருந்தது; மத்தியானத்துக்குள் கால் நுழைந்தது. மேனேஜர் துரை லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கம்போங் ராஜா ஊர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசி லோரி கீழே ரோட்டில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்காளும் தம்பியும்தான் பாக்கி.

எந்தக் காரியமானாலும் ஆத்தாளிடம் பூக் கேட்பது அந்தத் தோட்டத்து வழக்கம். வெள்ளைச் சாமந்தி ஒன்று, சிவப்புச் சாமந்தி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நூலால் கட்டி, தட்டில் போட்டுக் குலுக்கி, ஆத்தா காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு பிள்ளை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் செய்யக்கூடாது. இன்று பிள்ளைகள் எல்லாரும் முதல் லோரியிலேயே ஏறிவிட்டதால், ‘நான் போகட்டுமா’ என்று கேட்டுவிட்டுப் பக்கிரிசாமி தானே கைவிட்டு எடுத்திருந்தான்.

“அக்கா, கோவப்படாமக் கேளு. நாளைக்கு நடக்கறது ஆத்தாளுக்கு நேத்து நடந்த மாதிரி. எல்லாத்தையும் பாத்து முடிச்சாச்சு. நான் இங்கதான் இருப்பேன்னு அவ பாத்திருந்தா, இங்கதான் இருப்பேன். நேத்து நடந்தத நீ மாத்திடுவியா?”

“முடியாது. நேத்து நான் ரசம் வெச்சேன்.”

“இப்ப ரசத்த எதுக்கு இழுக்கற?”

“வெச்சது யாரு?”

“நீதான்.”

“ஆத்தாளா வந்து அடுப்பப் பத்த வெச்சா? நான் வெச்சேன். உப்பு கூடிப் போச்சு. நீ மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டே ரெண்டு தம்ளர் குடிச்ச. இனிமே அத மாத்த முடியாது. ஆனா அது நான் வெச்ச ரசம்தானே? நாளைக்கு நடக்கறதும் அவளுக்கு நேத்து மாதிரின்னா, நாளைக்கும் வெக்கப்போறது நான்தான். அவ பாக்கறா. பாக்கறவ கரண்டியப் புடிக்கறதில்ல.”

பக்கிரிசாமி தலையைச் சொறிந்தான்.

“நீ மட்டும் பள்ளிக்கூடம் போயிருந்தா லாயர் ஆயிருப்ப.”

“நீ போனியே, என்ன ஆயிட்ட?”

கீழேயிருந்து மறுபடி ஹாரன். வழக்கமாகத் திரிங்காப்பிலிருந்து கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், ஏற்றுகிற லோரிக்காரன் மகேன் இன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது. “அத்த! ரோட்டு மேல மண்ணு வழியுது! சீக்கிரம் வாங்கலா!”

“வரேன்டா!” என்று வாசலைப் பார்த்துக் கத்திவிட்டு நவமணி தம்பி பக்கம் திரும்பினாள். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. பக்கிரிசாமி முன்னால் குனிந்து காது கொடுக்க வேண்டியதாயிற்று.

“அன்னைக்கும் இதேதான் சொன்ன.”

“என்னைக்கு?”

“உன் மச்சான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்தன்னைக்கு.”

நவமணியின் புருஷன் சின்னக்கருப்பன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அந்தப் பேச்சை அவள் எடுப்பது இதுதான் முதல் தடவை.

“ஈப்போவுக்குக் கொண்டுபோய் ஆப்பரேஷன் பண்ணணும்னாங்க. நீ பூக் கேட்ட. சிவப்பு வந்துச்சு. அவரு கட்டில்லயே கெடந்தாரு.”

“அவரு ஆயுசு அவ்வளவுதான்னு ஆத்தாளுக்குத் தெரியும்க்கா.”

“தெரிஞ்சிருக்கும். எதப் பாத்துத் தெரிஞ்சுச்சு? நாம கொண்டுபோக மாட்டோம்னு பாத்தா. அதனால இவன் பொழைக்க மாட்டான்னும் பாத்தா. நாம கொண்டுபோயிருந்தா, கொண்டுபோனதப் பாத்திருப்பா. நாம என்ன செய்யறமோ அதுதான்டா அவ கண்ணுல விழுது. நாமதான் எல்லாத்தையும் அவ தலையில போட்டுட்டு, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டோம்.”

“ஆத்தா முன்னாடி நின்னுக்கிட்டு இப்படிப் பேசறியே.”

“அவ முன்னாடிதான் பேசணும். பின்னாடி போய்ப் பேசினா அவளுக்குக் கேக்காதா?”

பக்கிரிசாமி இடுப்புத் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கூரை ஒழுகிய தண்ணீரா வேறா என்று நவமணி பார்க்கவில்லை.

“அப்போ நான்தான் மச்சானக் கொன்னேன்கிற.”

“அப்படிச் சொல்ல வரல. அன்னைக்கு நான் வாயத் தொறக்கல. இன்னைக்குத் தொறக்கறேன், அவ்வளவுதான். கெளம்பு.”

அவன் எழுந்தான். நவமணி குடையை அவன் பக்கம் நீட்டினாள். ஆனால் அவன் வாசலுக்கு வரவில்லை. மூலையில் வாளியில் கிடந்த பூவிலிருந்து ஒரு வெள்ளைச் சாமந்தியும் ஒரு சிவப்புச் சாமந்தியும் பொறுக்கி எடுத்து, இலை கிழித்து மடிக்கத் தொடங்கினான்.

“திரும்பவுமா?”

“நான் எடுத்தது தப்புன்னுதானே சொன்ன? நீ எடு. வெள்ள வந்தா இப்பவே லோரியில ஏறிடறேன்.”

“சிவப்பு வந்தா?”

“நீ போ. நான் இருந்துக்கறேன்.”

இரண்டு பொட்டலமும் கட்டித் தட்டில் குலுக்கி ஆத்தா காலடியில் வைத்தான். கற்பூரம் ஏற்றினான். நவமணி யோசிக்கவில்லை. சந்தையில் கத்திரிக்காய் எடுப்பதுபோல் ஒன்றை எடுத்தாள்.

“பிரி.”

அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“பிரிக்க மாட்டேன்.”

“என்னக்கா இது வெளையாட்டு?”

“உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். வெள்ளையா இருந்தாலும் நான் போவேன், சிவப்பா இருந்தாலும் போவேன். அதுவும் அவளுக்குத் தெரியும். அப்புறம் யாருக்காகப் பிரிக்கணும்?”

“எனக்காக.”

“உனக்குத்தான் அந்தா இன்னொண்ணு கெடக்கே.” தட்டைக் காட்டினாள். “அதப் பிரிச்சா இதுல என்னன்னு தானாத் தெரிஞ்சிட்டுப் போவுது. பிரிக்கறதுன்னாலும் பிரி, விடறதுன்னாலும் விடு. உன் கைதான்.”

பக்கிரிசாமியின் கை தட்டுவரை போயிற்று. இலையின் முடிச்சைத் தொட்டது. அப்படியே நின்றது.

“பாத்தியா,” என்றாள் நவமணி. “உனக்குச் சாகப் பயமில்ல பக்கிரி. சின்ன வயசிலயே பாம்பக் கையால புடிச்சவன் நீ. நாமளா ஒரு முடிவு எடுத்து அது தப்பாப் போயிடுமோன்னுதான் உனக்குப் பயம். சிவப்பு வந்தா ஆத்தா தப்பு, வெள்ள வந்தா ஆத்தா தப்பு. உன் மேல ஒண்ணும் ஒட்டாது.”

“வெளக்கு அணைஞ்சிரும்க்கா,” என்றான் அவன். அவன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “அவளத் தனியா விட்டுட்டு எப்படி வரது?”

“நாம பொறக்கறதுக்கு முன்னாடியே அவ இந்த மலையில இருந்தவ. அவளுக்கு நீ காவலா? வெளக்குல எண்ணெய நெறைய ஊத்திட்டு வா.”

பின்புறம் ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது. இருவரும் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தார்கள். ஒரு தேயிலைச் செடி, நின்ற கோலத்திலேயே, வேரோடும் மண்ணோடும் மெதுவாக இறங்கி வந்து கோயில் சுவரில் சாய்ந்து நின்றது. ஒரு கொழுந்துகூட வாடியிருக்கவில்லை.

“அதுவே எறங்கிடுச்சு,” என்றாள் நவமணி. “அது யாரு கிட்டப் பூக் கேட்டுச்சு?”

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும்.

ஹாரன் இப்போது நிறுத்தாமல் ஒலித்தது. நவமணி ஆத்தா பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“போயிட்டு வரேன் தாயே. நீ பொட்டலத்துல சிவப்ப வெச்சிருந்தாலும் போறேன். என்னப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே.”

குடையைத் தம்பியின் பக்கத்தில் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள். முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினாள். படிகளில் சேற்றுத் தண்ணீர் அவளுக்கு முன்னால் ஓடியது. ஒரு கையால் இடுப்பிலிருந்த பொட்டலத்தைப் பொத்தியபடியே நடந்தாள்.

மகேன் லோரிக் கதவைத் திறந்து பிடித்தான். “பூசாரி வரலியா?”

“வருவான்.”

“வருவாரா, இல்ல வரணும்னு சொல்றீங்களா?”

“எஞ்சின நிறுத்துடா. நீ பண்ற சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

“அத்த, ரோடு மூடிடும்லா.”

“மூடறப்போ மூடட்டும். நிறுத்து.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் திருப்பினான். எஞ்சின் நின்றதும் மழை மட்டும் கேட்டது. மேலே கோயில் வாசலில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. எண்ணெய் ஊற்றியிருக்க வேண்டும். சுடர் முன்னைவிட உயரமாக நின்றது. பக்கிரிசாமி இவர்களுக்கு முதுகைக் காட்டி, தட்டின்மேல் குனிந்து நின்றான். பொட்டலத்தைப் பிரிக்கிறானா, தட்டை எடுத்து ஓரமாக வைக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. குடை சாத்திய இடத்திலேயே இருந்தது.

நவமணி லோரிப் படியில் ஒரு காலை வைத்து ஏறி நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு கத்தினாள்:

“பக்கிரி, நீ வருவியா மாட்டியான்னு அவளுக்குத் தெரியும்டா. அவளுக்குத் தெரிஞ்சாப் போதுமா? எனக்கும் சொல்லு.”