பீரங்கிக்கு அதிராதவள்

எடின்பரோவில் வெளியூர்க்காரரைக் கண்டுபிடிப்பது சுலபம். மதியம் ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும்போது தூக்கிவாரிப் போட்டால் வெளியூர். அசையாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் உள்ளூர். இதைச் சொல்லித்தான் இருபத்திரண்டு வருடமாகச் சுற்றுலாக் கூட்டங்களைச் சிரிக்க வைக்கிறேன். ஞாயிறு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி தவிர எல்லா நாளும் வெடிக்கும் என்றும் சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே கொட்டாவி வருகிறது.

எனக்குக் காது போய்விட்டது. மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. மலையடிவாரத் தெருக்கோடியில் நின்றால் பீரங்கிச் சத்தம்கூடக் காதில் விழுவதில்லை. ஆனால் உள்ளூர்க்காரி அதிரக்கூடாதே! கூட்டத்தின் தோள்கள் குலுங்கியதும் நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். செவிடு என்று ஒருவருக்கும் தோன்றாது. நெட்டா ராங்கினுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று என்னைச் சொல்வார்கள்.

காதுக்கருவி வாங்காமல் இல்லை. தெருவில் அடிக்கிற காற்றும் மூலையில் பேக்பைப் என்கிற பை வாத்தியம் ஊதுகிறவனும் சேர்ந்து அதற்குள் புயலைக் கிளப்பினார்கள். இப்போது அது மேஜை டிராயரில் கிடக்கிறது.

"கேள்வி ஒன்று, பதில் வேறு" என்று யாரோ என்னைப் பற்றி எழுதிப் போட, கம்பெனி என்னைச் சோதிக்க ஆள் அனுப்பியது. பென்ஷனுக்கு இன்னும் ஒன்றரை வருடம். இந்த வேலை போனால் அறுபத்தைந்து வயதில் என்னை எவன் கூப்பிடுவான்? வந்தது ஷோனா பிரிங்கிள். ஒரு காலத்தில் என்னோடு வழிகாட்டியாக மழையில் நனைந்தவள், இப்போது ஆபீஸ்காரி. கையில் அட்டை, அதில் ஒரு தாள்.

"இந்தா, பேக்கரியில வாங்குனேன். காலையில எதுவும் தின்னிருக்க மாட்ட" என்று ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். நேராக என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஆபீஸ் போனால் இப்படித்தான் பேசுவார்கள்போல என்று நினைத்து, பொட்டலத்தைப் பிரிக்காமலே கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

முப்பது பேர். மேலும் கீழும் ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சியது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு அமெரிக்க அம்மா மூன்று தடவை பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். முதல் தடவை, "ஆயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுல கட்டினது" என்றேன், பழைய சிறைக் கட்டடத்துக்கு முன்னால் நின்றதால். இரண்டாவது தடவை, "ஆமாங்க, தூக்குல போட்டாங்க" என்றேன். மூன்றாவது தடவை சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. கல்லறைத் தோட்டத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கூட்டத்தை எதிரே நிறுத்தினேன். எல்லார் தோளும் கண்ணில் பட்டது. கடைசியில் ஷோனா நின்றாள்.

சரியாக ஒரு மணிக்கு முப்பது பேரும் துள்ளினார்கள்.

நான் அசையவில்லை. நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். "பயப்படாதீங்க, யாரும் நம்மளைச் சுடலை. சாப்பாட்டு நேரமாச்சுன்னு கோட்டையில இருந்து சொல்றாங்க. பீரங்கிக்கு அதிராதவதான் இந்த ஊர்க்காரி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் ஒரு பையனின் கை காலியாக இருப்பதையும், சுவர்மேல் ஒரு கடல்காகம் அவன் சாண்ட்விச்சைக் கிழித்துக்கொண்டிருப்பதையும் கவனித்தேன்.

ஷோனா கிட்டே வந்தாள். "பீரங்கி கேட்டுச்சாடி?"

"கேட்காம? இன்னிக்கு நல்ல சத்தம்."

அவள் முகம் வாடியது. "அந்தப் பொட்டலத்தைப் பிரி."

பிரித்தேன். லவங்கப்பட்டை வாசம். பன்மேல் வெள்ளை மாவில் சிலுவை போட்டிருந்தது. பெரிய வெள்ளிக்கென்றே சுடுகிற பன். அப்படியானால் இன்றைக்குப் பெரிய வெள்ளி! இந்த ஊரில் அன்றைக்கும் கடையெல்லாம் திறந்திருக்கும், சுற்றுலாவும் நடக்கும், எல்லா நாளும் ஒன்றுபோலத்தான். பீரங்கி மட்டும் வெடிக்காது. அதை ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். கூட்டம் துள்ளியது அந்தக் கடல்காகம் பாய்ந்ததற்கு.

"எப்ப தெரியும் உனக்கு?"

"காலையில நான் பின்னால இருந்து நாலு வாட்டி கூப்பிட்டேன் நெட்டா. நீ பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்த."

அதனால்தான் நேருக்கு நேர் நின்று பேசியிருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது.

"எழுதப் போறியா?"

"எழுதாம இருக்க முடியாதுடி. என்னை மன்னிச்சிரு."

தலையாட்டினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மூன்று வருடமாக முப்பது முப்பது பேரின் தோள்களைக் காவல் காத்த அசதிதான் வந்தது. இனிக் காக்க வேண்டாம் என்பதே பாதித் தூக்கம் மாதிரி இருந்தது.

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். "மன்னிக்கணும். இன்னிக்குப் பீரங்கி கிடையாது. எனக்குக் காது கேட்காது. உங்க உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை நேரம் சமாளிச்சேன். யாராவது கேள்வி கேட்டு நான் உளறியிருந்தா, முன்னால வந்து இன்னொரு தடவை கேளுங்க."

மஞ்சள் மழைக்கோட்டு முண்டியடித்துக்கொண்டு வந்தது. என் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்தார்.

"காலையில இருந்து கேக்குறேன்மா. இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

பன்னை ஷோனாவின் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.