பூட்டக் கூடாத வண்டி

எலெக்ட்ரீஷியனுக்குத் தன் ஸ்கூட்டர் என்றால் உயிர். அதையே மனைவிக்குக் கொடுத்தார் என்றால் மனைவி அதற்கும் மேல் என்றுதானே அர்த்தம்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லும் ரகமில்லை மனிதர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பாதியில் விட்ட படிப்பை முடிக்க அவள் கல்லூரியில் சேர்ந்தபோது, சாவியை மேசைமேல் வைத்து, "ஹேண்டில் லாக் போடாம நகரக் கூடாது" என்றார். அவ்வளவுதான் வாழ்த்து. அன்று முதல் தினமும் சாயங்காலம் வண்டியைச் சுற்றிவந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். அடிக்கடி ஒரு புதுக் கீறல் கண்ணில் படும்.

"எவனோ வண்டியில கை வைக்கிறான்."

"காலேஜ்னா நாலு வண்டி உரசத்தாங்க செய்யும். சாப்பிட வாங்க."

அவள் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் வண்டி கிடைக்காது. அந்தச் சின்னக் கல்லூரியில் மாணவர்கள் வண்டி நிறுத்த இருந்ததெல்லாம் நூலகத்துக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு பக்கமும் சுவர், ஒரே வாசல். காலை மணி அடிக்கும்போது எள் விழ இடமிருக்காது. அதனால் பிள்ளைகளே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: யாரும் ஹேண்டிலைப் பூட்டக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர், வழியில் நிற்கும் வண்டிகளை உருட்டி வெளியே விட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்றதைப் பழையபடி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

முதலில் "மேடம்" என்று ஒதுங்கிப் போன பிள்ளைகள் அவளை "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்தச் சந்தில்தான். ஒரு மழை நாளில், கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு பையனின் கனத்த பைக்கை அவள் ஒற்றை ஆளாக உருட்டி விட்டாள். அதற்கப்புறம் கேன்டீனில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். அந்த வயசுக் கூட்டத்தில் தனக்கும் ஓர் இடம் கிடைத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டோடு கேன்டீன் கதைகளும் வரும், சந்துக் கதை மட்டும் வராது. அவரும் ரசித்துக் கேட்பார்.

வேலை இல்லாத ஒரு நாள், கீறல் போடுகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று எலெக்ட்ரீஷியன் கிளம்பிப் போனார். சந்து வாசலிலேயே ஸ்கூட்டர் நின்றது. ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று முணுமுணுத்தபடி மாற்றுச் சாவியைப் போட்டுப் பூட்டினார். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கடைசி வருடத்துப் பெண் ஒருத்தி, ஃபைலும் ஹெல்மெட்டுமாக ஓடி வந்தாள். ஸ்கூட்டரை உருட்டப் பார்த்தாள், நகரவில்லை. இரண்டு மூன்று பையன்கள் வந்தார்கள். தூக்கிப் பார்த்தார்கள், திரும்பியிருந்த ஹேண்டில் பக்கத்து வண்டியில் மாட்டிக்கொண்டது.

"யாருடா லாக் போட்டது?"

"அக்கா வண்டிடா இது."

"தொடக் கூடாதுன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

யாரோ சொல்லி மனைவி ஓடி வந்தாள். பூட்டைப் பார்த்தாள். சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவள் கையில் இருந்தது. ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, "என் தப்புதாம்மா. பழக்கத்துல போட்டுட்டேன் போல" என்றபடி திறந்தாள்.

"இன்டர்வியூன்னு நேத்தே சொன்னேனே, மேடம்" என்றாள் அந்தப் பெண், அழுகிற குரலில்.

மேடம்! தொட்டிக்குப் பின்னால் எலெக்ட்ரீஷியன் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார். பேசாமல் நழுவியிருக்கலாம். ஆனால் மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகு கால் வரவில்லை.

"பூட்டுனது நான்மா" என்று வெளியே வந்தார். "இவங்க இல்ல. என்னைத் திட்டுங்க."

திட்ட யாருக்கும் நேரமில்லை. அவரே நாலு வண்டியை உருட்டி வழிவிட்டார். "நல்லா பண்ணுடி! நேரம் இருக்கு, மெதுவாப் போ" என்று மனைவி கத்த, "சரிக்கா!" என்றபடி அந்தப் பெண் பறந்தாள். அதைக் கேட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"யாருக்கா இவரு?" என்றான் ஒருவன்.

"எங்க வீட்டுக்காரர். ஒன்றரை வருஷமா என் காலேஜப் பாக்க வராதவரு, ஸ்கூட்டரப் பாக்க வந்திருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவருக்கு மட்டும் சுருக்கென்றது.

மணி அடித்தது. எலெக்ட்ரீஷியன் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"க்ளாஸ் எங்க?"

"மாடியில. ஏங்க?"

"சும்மா. பாத்துட்டுப் போறேன்."

வகுப்பு வாசல்வரை கூட வந்தார். அவள் ஜன்னலோரப் பெஞ்சைக் காட்டி, அதில் போய் உட்கார்ந்து, 'போதும், போங்க' என்று கையசைத்தாள். அவர் போகவில்லை. பாடம் எடுக்க வந்தவர், "யார் வேணும் சார்?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.